பழைய காடு

காடு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. நான் காரைக்கால்காரன், கடலைப் பார்த்து வளர்ந்தவன். எங்களுக்குக் காடு என்றால் மரம், புதர், நரி, பாம்பு. அதில் கம்பு விதைப்பேன், சோளம் அறுப்பேன் என்று எவனாவது சொன்னால் கிறுக்கன் என்றுதான் நினைப்போம்.

என் பெயர் ஒலி முகம்மது மரைக்காயர். சிங்கப்பூரில் நிலம் சம்பந்தப்பட்ட சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் துபாஷி வேலை பார்த்தேன். ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றும் தெரியும். தெரியும் என்கிற திமிரும் நிறைய இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மறைத்ததெல்லாம் போதும்.

முதல் அவமானம் ஒரு லீவு மனுவில் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருடம். சுவா சூ காங் பக்கத்து ரிசர்வ் காட்டுக்குக் காவலாளாக இருந்த சிலுவைராஜ், எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரையின் முன்னால் வந்து நின்றான். மணப்பாறைப் பக்கத்து வேதக்காரன். இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மலாய் அரைகுறை, ஆங்கிலத்தில் 'தேங்க் யூ சார்' மட்டும் வரும். எங்கள் துரைக்கோ ஒரு கொள்கை உண்டு. யார் என்ன சொல்வதானாலும் தாய்மொழியில் சொல்ல வேண்டும், நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அதுதான் எழுத்தில் ஏறும்.

"எங்கண்ணன் என் காட்டை மடக்கிக்கிட்டானாம். மூணு ஏக்கருங்க. ஊருக்குப் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திடறேன்" என்றான் சிலுவை.

இவனுக்குச் சொந்த ஊரில் மூன்று ஏக்கர் வனம் இருக்கிறது, அதை அண்ணன் பிடித்துக்கொண்டான் என்று நான் சொன்னேன். துரை விழுந்து விழுந்து சிரித்தார். சொந்த வனத்தைக் காப்பாற்ற முடியாதவனா என்னுடைய வனத்தைக் காக்கிறான் என்று கேட்டார். அப்போது மூலையில் இருந்த குமாஸ்தா இராமசாமி எழுந்து நின்றான். திருச்சிராப்பள்ளிக்காரன். "மன்னிக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் காடு என்றால் வானம் பார்த்த புன்செய் நிலம். உழுகிற நிலம்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். துரையின் சிரிப்பு அப்படியே என் பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இராமசாமி என்னை நிம்மதியாக விடவில்லை. நான் ஆபீசுக்குள் நுழைந்தால் போதும். "என்ன மரைக்காயரே, காட்டுக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்பான். அந்தப் பேச்சுக்கு ஊரில் இன்னொரு அர்த்தமும் உண்டு, காலையில் சொம்போடு போகிற அர்த்தம். தமிழ் தெரிந்த பியூன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நான் சும்மா விடுகிற ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சிலுவை ஓபிர் ரோட்டு மாதா கோயிலிலிருந்து வெளியே வரும்போது போய் நின்றேன். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அவன் ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். ஒரு துபாஷி தன்னிடம் பாடம் கேட்கிறாரே என்று. "எங்க ஆத்தா காட்டுக்குப் போயிருக்குன்னா களை எடுக்கப் போயிருக்குன்னு அர்த்தமுங்க" என்று பொறுமையாகச் சொன்னான். மணப்பாறைக்காரன் வாயில் காடு வந்தால் அது வெள்ளாமை நிலம் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அந்தக் கோடு போட்ட கையை வெட்ட வேண்டும்.

அந்த வருடம்தான் ரப்பர் பைத்தியம் எல்லோருக்கும் தலைக்கேறியது. மோட்டார் வண்டிக்குச் சக்கரம் வேண்டுமாம், உலகமே ரப்பர் கேட்கிறதாம். ஒரு கம்பெனி ரிசர்வின் தெற்குப் பக்கத்தில் நானூறு ஏக்கர் கேட்டு மனுப் போட்டது. அதற்கு ஒரு விதி இருந்தது. கோடரி படாத வனமாக இருந்தால் கொடுக்கக் கூடாது. முன்பே யாராவது வெட்டிப் பயிர் செய்து கைவிட்ட நிலமாக இருந்தால் ரிசர்விலிருந்து கழித்துக் கொடுத்துவிடலாம்.

அப்படிக் கைவிட்ட நிலம் இந்தத் தீவில் எங்கே பார்த்தாலும் கிடந்தது. நாம் வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, இங்கே காம்பிர் என்பார்கள், அதைப் பயிர் செய்தவர்கள் விட்டுப்போனது. சீனத் தோட்டக்காரர்கள் ஒரு பக்கம் காம்பிரும் பக்கத்திலேயே மிளகும் போடுவார்கள். காம்பிர் இலையை நாள் முழுக்கக் கொப்பரையில் வேகவைத்தால்தான் கட்டி வரும். பயிருக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவு வனம் அடுப்புக்கு வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் மண்ணும் செத்துப்போகும், விறகும் தீர்ந்துபோகும். அவர்கள் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வனத்துக்குப் போவார்கள். பின்னால் லாலாங் புல் முளைக்கும், இடுப்பு உயரத்துக்கு. அதில் ஒன்றும் விளையாது. அவர்களைச் சொல்லி என்ன, வாங்கி மென்றவர்கள் நாம்தானே. என் வாயும் சிவப்பாகத்தான் இருந்தது.

துரையும் நானும் இடம் பார்க்கப் போனோம். புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் ரயில், அதற்கு மேல் மாட்டு வண்டி. ரோட்டோரம் முழுக்க லாலாங் புல்லும் புதரும்தான். அதற்குப் பின்னால் ஒரு குன்று. மழை பிடித்துக்கொண்டது, காலெல்லாம் அட்டை ஏறியது. துரைக்கு முதல் நாளே காய்ச்சல். குன்று ஏற அவருக்குத் தெம்பில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, வழிகாட்ட வந்திருந்த சிலுவையிடம் என்னைக் கேட்கச் சொன்னார். குன்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

சிலுவை தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "அது பழைய காடுங்க. அப்படியே கெடக்குது. இப்ப சீனவுககூட அங்க போறதில்லைங்க."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "அது பழைய வயல். கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது. சீனர்களும் கைவிட்டுப் போய்விட்டார்கள்." அதோடு விட்டேனா, இந்த ஆள் பக்கத்தில் காடு என்றால் உழுத நிலம் என்று துரைக்கு விளக்கமும் கொடுத்தேன். துரை தலையாட்டி, நீ நன்றாகத் தேறிவிட்டாய் என்றார். வண்டியில் திரும்பி வரும்போது மழையில் நனைந்தும் எனக்குக் குளிரவில்லை. இராமசாமி முகத்தை எப்போது பார்ப்போம் என்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்து எல்லைக்கல் நடப் போனார்கள். கூலியாட்கள் தமிழர்கள் என்பதால் சர்வேயரோடு என்னையும் அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் நான் குன்றைத் தாண்டினேன்.

யா அல்லாஹ். அதை எப்படிச் சொல்வேன். உச்சியிலிருந்து இறங்க இறங்க வெயில் நின்றுபோனது. நான்கு பேர் கைகோத்தாலும் பிடிக்க முடியாத மரங்கள். அடிமரமே எங்கள் வீட்டுச் சுவர் அளவு. முதல் கிளை எங்கே பிரிகிறது என்று பார்த்தால் கழுத்து வலித்தது. கீழே ஓர் ஓடை. கண்ணாடி மாதிரித் தண்ணீர். எங்கேயும் கோடரி பட்ட அடையாளமோ அடுப்புக்கல்லோ ஒரு மிளகுக்கொடியோ கிடையாது. சர்வேயர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அளவுச் சங்கிலியை விரித்தார். அவருக்குக் கொடுத்த வேலை கல் நடுவது.

சிலுவை எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். கொடிகளை விலக்கி எனக்கு வழி விட்டான். திரும்பிப் பார்த்து, பல் தெரியச் சிரித்தான்.

"நான் சொன்னேன்ல மரக்காயரே, பழைய காடுன்னு. ஆதியிலேருந்து கை படாம கெடக்குது. இங்க விறகு வெட்ட விடமாட்டேன்னு காம்பிர்க்காரனுகளுக்குத் தெரியும். ஒரு தடவை வந்தானுக, நான் வெரட்டி விட்டேன். அப்புறம் வரல."

நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "சிலுவை, உங்க ஊர்ல காடுன்னா வயலுன்னுதானே சொன்னே?" என்று கேட்டேன்.

"அது எங்க ஊருலங்க. இங்க ஏதுங்க நமக்கு வயல்? இங்க காடுன்னா காடுதானுங்க." கூலியாட்கள் இறக்கி வைத்த கல்லைத் தடவிப் பார்த்தான். "நல்லவேளை கல்லு நடுறாங்க. இனி ஒருத்தனும் உள்ள கால் வைக்க முடியாது. நீங்க துரைகிட்ட எடுத்துச் சொன்னதுக்குத்தான்."

பாவி, அந்தக் கல் காவலுக்கு என்று நினைத்துவிட்டான். தண்ணீர் தாகமாக இருக்கிறது என்று சொல்லி ஓடைப் பக்கம் போய்விட்டேன்.

துரை கையெழுத்துப் போட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் நான் ஆபீசுக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் அவர் அறை வாசல் வரைக்கும் போய், இராமசாமியின் மேசையைக் கடந்து திரும்பி வந்தேன். போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்காது. துரை நல்லவர், திட்டிவிட்டு எழுதியதை அடித்திருப்பார். ஆனால் மறுபடியும் அதே வார்த்தையிலா, காட்டிலேயே இரண்டாவது தடவை விழுந்தாரா மரைக்காயர் என்று இராமசாமி ஆபீஸ் கேட்கச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு என் காதில் முன்கூட்டியே கேட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானூறு ஏக்கர் காட்டை நான் ஒருத்தன் சிரிப்புக்குப் பயந்து விட்டுக்கொடுத்தேன்.

எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நான் தடுத்தால் மட்டும் நிற்குமா? இன்றைக்கு ரப்பர், நாளைக்கு வேறு ஒன்று. எவனோ வெட்டத்தானே போகிறான்? இப்படியெல்லாம். சீ, எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தப் பேச்சு.

பத்தாம் நாள் கையெழுத்தானது. வெட்டுக்காரர்கள் நூறு பேர் போனார்கள். ஆறு வாரம் வெட்டி, காய விட்டு, நெருப்பு வைத்தார்கள். சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டில்களுக்குப் பின்னால் என் வீடு. ஒரு நாள் பகலிலேயே வெயில் மஞ்சளாகிவிட்டது. என் மனைவி ஆமினா பீவி கொடியிலிருந்து துணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"துணியெல்லாம் ஒரே புகை நாத்தம். எங்கயோ காடு எரியுதாம்ல?" என்றாள்.

"வயல்" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துணியை மறுபடி அலசப் போனாள்.

சாம்பல் ஆறுவதற்குள் ரப்பர்க் கன்று நட்டார்கள். ரப்பர் பால் கொடுக்க ஆறு வருடம் ஆகும், அதுவரை சும்மா இருப்பானேன் என்று நடுவில் அன்னாசி போட்டார்கள். டின்னில் அடைத்து அனுப்ப ஆலை இருந்தது. அன்னாசிக்கு நடுவே ஒரு புல் இல்லாமல் கொத்திவிட்டார்கள். முதல் பெருமழையில் குன்றின் மண் அப்படியே ஓடைக்குள் இறங்கியது.

இதற்கெல்லாம் முன்னால், மரம் விழத் தொடங்கிய அன்றே சிலுவை ஆபீசுக்கு வந்தான். புக்கிட் பாஞ்சாங் வரை ஓடி வந்து ரயில் பிடித்திருக்கிறான். காலில் ரத்தம், சட்டையில் சேறு.

"காட்ட வெட்டுறானுகய்யா" என்றான் துரையிடம். "கல்லு நட்ட காட்ட வெட்டுறானுக. நீங்க வாங்க, வந்து நிறுத்துங்க."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். வனத்தை வெட்டுகிறார்கள் என்கிறான் என்று. துரை நெற்றியைச் சுருக்கி ஃபைலை எடுத்தார். அது பழைய வயல் என்று இவனே சொல்லியிருக்கிறானே, இதோ இருக்கிறது, அப்படியானால் அன்றைக்குப் பொய் சொன்னானா, யாரிடம் கை நீட்டினான் என்று கேட்கச் சொன்னார். நான் வாய் திறக்க வேண்டிய இடம் அது. இல்லை சார், தப்பு என்னுடையது என்று நாலே நாலு வார்த்தை. இராமசாமி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான்.

"துரை உன் மேல கோவமா இருக்காரு. நீ முன்னால சொன்னதும் இப்ப சொல்றதும் ஒத்துப்போகலைங்கிறாரு" என்றேன் சிலுவையிடம்.

"நான் என்னங்க மாத்திச் சொன்னேன்? பழைய காடுன்னுதானே சொன்னேன்?" அவன் துரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க மரக்காயரே, சொல்லுங்க."

என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார். "அன்றைக்கு என்ன சொன்னோம் என்று அவனுக்கு ஞாபகமில்லை" என்றேன். பொய் சொல்லத் தொடங்கினால் நாக்கு அதன் பாட்டுக்கு ஓடுகிறது. அன்றே சிலுவையை வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஒரு மாதம் அவன் தஞ்சோங் பகாரில் கப்பல் மூட்டை தூக்கினான். பிறகு ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் தோல் உரிந்திருந்தது. ஊர் நிலத்தைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ பேசவில்லை. "நான் பொய் சொன்னேன்னு பேரு வந்திடுச்சுங்க. கோயில்லகூட ஒரு மாதிரி பாக்குறாங்க. காசு வாங்கிக்கிட்டுக் காட்ட வித்தவன்னு சொல்றாங்க. நீங்க ஒரு மனு எழுதிக் கொடுங்க. நடந்தத அப்படியே எழுதுங்க" என்றான்.

ஆமினா பீவி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் மனுவை எழுதினேன். நடந்ததை எழுதவில்லை. எழுதினால் அதில் என் பெயர் வர வேண்டும். துரைக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். 'அறியாமையால் வனத்தை வயல் என்று தவறாகச் சொல்லிவிட்டேன். யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. என் தவற்றை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மன்னித்து மீண்டும் வேலை தர வேண்டும்.' நல்ல ஆங்கிலம். அதுவரை நான் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான்.

"என்ன எழுதியிருக்கீங்க, படிங்க" என்றான் கை கழுவிவிட்டு.

"நீ அன்னைக்கு உண்மையைத்தான் சொன்னேன்னு எழுதியிருக்கேன்."

அவன் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டை விரலை மையில் தோய்த்தான். ரேகை அழுத்தமாகப் பதிந்தது. ஆமினா பீவி தட்டை எடுக்க வந்தவள் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

மனு பலித்தது. மூன்று வாரத்தில் சிலுவையை மீண்டும் வரச் சொன்னார்கள். அன்றைக்குத் துரை தன் அறைக்கு வெளியே வந்து, குமாஸ்தாக்களையும் பியூன்களையும் எழுந்து நிற்கச் சொன்னார். சிலுவை துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். துரை அவன் தோளில் கை வைத்தார். சொல்லு இவனிடம், என்றார் என்னைப் பார்த்து. தவறு எல்லோரும் செய்கிறோம், அதை ஒப்புக்கொள்கிற தைரியம் இந்த ஆபீசில் இவன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது, படித்தவர்கள் இவனிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இராமசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. ஃபைல் அவன் மேசை வழியாகத்தான் போயிருக்கும். காடு, வயல், மனு எல்லாவற்றையும் அவன் படித்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"துரை உன்னைத் தைரியசாலிங்கிறாரு, சிலுவை."

"நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டாருங்களா?"

"ஒத்துக்கிட்டாரு."

அவன் கண் கலங்கிவிட்டது. துரையைக் கும்பிட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஓடைக்கு அந்தாண்ட இன்னும் எண்பது ஏக்கர் நிக்குதுங்க. அதையும் அந்தக் கம்பெனி கேக்குதாம். அதுவும் பழைய காடுதான். கோடரி படாத காடு, மரம் நிக்கிற காடு. அதையாவது விட்டுடச் சொல்லுங்க. இப்ப துரை என்னை நம்புறாருல்ல."

அந்த எண்பது ஏக்கரின் ஃபைல் அன்று காலைதான் துரை மேசைக்கு வந்திருந்தது. அதில் பழைய வயலின் தொடர்ச்சி என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான். இப்போது வாய் திறந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக எல்லாம் சரிந்து என் தலையில் விழும்.

"என்ன சொல்கிறான்?" என்று கேட்டார் துரை.

"நன்றி சொல்கிறான்" என்றேன்.